பதினான்காம் எண் கேமரா

ஸ்வான்சியில் மழை. மாலை ஐந்து முதல் நள்ளிரவுவரை எங்கள் முறை.
சுவர் நிறையத் திரைகள்.
என் பக்கம் கடற்கரைச் சாலை, மீன் சந்தை.
ரோட்ரியின் பக்கம் கிங்ஸ்வே தெருவும் மதுக்கடைகளும்.
எட்டு வருடம் அருகருகே உட்கார்ந்தும்
அடுத்தவர் தெருவை எட்டிப் பார்த்ததில்லை.
அதை நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

நெரிஸைப் பற்றி அவன்தான் சொன்னான்.
பல் மருத்துவமனையில் வேலை,
சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாளாம்.
இரண்டு முறை காபி, ஒரு முறை இத்தாலியச் சாப்பாடு,
மழையில் வீடுவரை கொண்டுவிட்ட பெட்ரோல்.
பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தி:
"நல்லவர் நீங்கள். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை."
வாராக்கடனை வாசிக்கும் வங்கிக்காரனைப்போல
உரக்கப் படித்துக் காட்டினான்.
"அறுபத்தெட்டு பவுண்டு, ஓல்வென்.
ஒரு காரணம்கூடவா சொல்லக் கூடாது?"

நான் சிரித்தேன்.
அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.
நான் சிரித்தேன்.

மறுநாள் பதினான்காம் கேமரா
மதுக்கடை வாசலை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது.
ஆறு பத்து. மருத்துவமனைக் கதவிலிருந்து
ஒரு நீலக் குடை.
பதினான்கு விட்ட இடத்தில் பதினைந்து பிடித்தது,
பதினைந்து கைவிட்டதும் பத்தொன்பது,
கண்கொத்திப் பாம்பாக, பேருந்து நிறுத்தம்வரை.
அங்கே அவள் ஓர் ஆரஞ்சை உரித்தாள்.
தோலைக் கீழே போடாமல் கோட்டுப் பையில் வைத்தாள்,
பிறகு விரல்களை முகர்ந்தாள்.
யாருக்காகவும் செய்யாத ஒன்றை
இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேறு எவனாவது இருக்கிறானா, அது தெரிந்தால் போதும்.
அந்த உரிமைகூடவா எனக்கில்லை?"

மூன்று நாள் நான் மீன் சந்தையையே பார்த்தேன்.
கடை மூடியபின் அங்கே பார்க்க ஒன்றுமில்லை,
ஈரத் தரை, ஒரு பூனை.

நான்காம் நாள் நீலக் குடை நடுத்தெருவில் நின்றது.
மெல்லப் பின்னால் சரிந்தது.
நேராக எங்களைப் பார்த்தாள்.
அவன் அவளுக்கு அனுப்பியிருந்தான்:
"ஆரஞ்சு இனித்ததா?"

எந்தக் கை, எந்த நிமிடம், எந்தக் கேமராவை அசைத்தது,
எல்லாம் பதிவாகும் எங்கள் அறையில்.
எங்களையே வேவு பார்ப்பதா என்று
தொழிற்சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டியவள் நான்.
அந்தப் பதிவைத்தான் அச்செடுத்தேன்.
பதினொரு பக்கம்.

காவல் நிலையத்தில் இருந்த பையன் நல்லவன்.
தேநீர் கொடுத்தான், பக்கங்களை எண்ணினான்,
பிறகு அவள் முன்னால் ஒரு படிவத்தை நகர்த்தினான்.
போனை விட்டுச் செல்ல வேண்டுமாம்.
செய்திகள், படங்கள், அம்மாவோடு போட்ட சண்டை,
அழித்தவை, அவனுக்கு முன்னால் வந்தவர்கள்.
விசாரணை முழுமையாக இருக்க வேண்டுமல்லவா.
நெரிஸ் பேனாவைக் கையில் எடுத்து, வைத்துவிட்டாள்.
"அவன் தெருவில் மட்டும்தான் பார்த்தான்" என்றாள்.

படிகளில் இறங்கும்போது என்னைக் கேட்டாள்:
"நீங்களும் பார்த்தீர்களா, ஆரஞ்சு தின்றதை?"
பார்த்தேன் என்றேன்.
குடையை விரித்துக்கொண்டு போனாள்.
நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கேமராவைப் பிடுங்கி எறி என்று சொல்ல என்னால் முடியாது.
போன சனிக்கிழமை பொரித்த மீன் கடையருகே
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்த பையனை
அதே பதினான்குதான் கண்டுபிடித்தது.
ஆம்புலன்ஸ் வர ஆறு நிமிடம்.
பிழைத்துவிட்டான்.

ரோட்ரியின் நாற்காலி இன்னும் காலி.
இப்போது அவன் தெருவும் என் கையில்.
ஆறு பத்துக்குக் கதவு திறக்கும்.
நான் பதினான்கைத் திருப்பி
எதிர்க்கூரையில் நனைந்து நிற்கும்
ஒரு கடற்காகத்தின்மேல் நிறுத்துகிறேன்.
அதையும் பதிவேடு எழுதிக்கொள்கிறது:
என் பெயர், நேரம், நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டம் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் நிரப்புவதில்லை.