இரண்டு பத்து

முதுகில் கட்டிய கம்பில் மஞ்சள் கொடி.
அதில் என் பெயர் இல்லை,
2:10 என்றிருக்கிறது.
விடிந்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்:
"ஏய் இரண்டு பத்து, கழிப்பறை வரிசை எங்கே முடிகிறது?"

வாரத்தில் ஐந்து நாள்
கடலோரச் சின்ன ரயிலை ஓட்டுகிறேன்.
சுமாயாவில் ஏழு பதினெட்டு என்றால் ஏழு பதினெட்டுதான்.
அதை நம்பித்தான் இத்சியார் கொடியைக் கொடுத்தாள்.
தண்டவாளம் இருந்தால்
யாருக்கும்தான் நேரம் தெரியும்
என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பின்னால் முப்பத்தோரு பேர்.
எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.

சிரிமிரி என்று இங்கே ஒரு மழை உண்டு.
பெய்கிறது என்று சொல்லிவிட முடியாது,
காற்றில் நின்றுகொண்டிருக்கும்.
குடை விரித்தால் பாஸ்க் நாடே சிரிக்கும்.

நான்காவது கிலோமீட்டரில் ஏற்றம்.
வேகத்தைக் குறைக்கிறேன், வேண்டுமென்றேதான்.
மணிக்கட்டுகள் வரிசையாகக் கீச்சிடுகின்றன.
"பின்தங்குகிறோம்" என்கிறான் எனேக்கோ,
பில்பாவோவில் வங்கி வேலை.
தெரியும், என்கிறேன்,
முப்பத்தெட்டு நொடி கடன்.
மேட்டில் வாங்கு, சரிவில் அடை.
மேட்டிலேயே அடைக்கப் பார்த்தவன்
பதினாறாவது கிலோமீட்டரில்
தொடையை அடகு வைக்கிறான்.
மூச்சு ஒரே அளவில் இருக்கட்டும்;
கடிகாரம் பாட்டுக்குப் புலம்பட்டும்.
கடனைப் பற்றி எனக்கே பாடமா என்பதுபோல் பார்த்தான்.
தாண்டிப் போனான்.
முதுகை மூடுபனி வாங்கிக்கொண்டது.

வளைவில் மணிச்சத்தம்.
"அவ்பா! அவ்பா!" என்று யாரோ.
எந்த மணி ஆட்டின் கழுத்தில்,
எந்த மணி மனிதன் கையில் என்று
கடக்கும்வரை தெரியவில்லை.

"ஏதாவது பேசிக்கொண்டே வா,
கொடி தூக்குபவர்கள் பேசுவார்கள்"
என்கிறாள் மாய்தேர்.
எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்:
அடுத்த நிறுத்தம், தண்ணீர் மேசை.
இடப்பக்கக் கதவுகள் திறக்கும்.
சிரித்தார்கள். ஏற்றத்தில் சிரித்தால்
விலாவில் குத்தும், அதற்கும் சிரித்தார்கள்.

மாய்தேரின் மூச்சு எனக்கு அடையாளம்:
இரண்டு உள்ளே, ஒன்று வெளியே,
வெளியே வருவதில் ஒரு சின்ன விசில்.
பதின்மூன்றில் செங்குத்து.
நாற்பது எட்டு நடப்போம், என்றேன், வெட்கமில்லை.
நடந்தோம். விசில் இருந்தது.
பதினைந்தில் இல்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது.
திரும்பினால் கொடியும் திரும்பும்,
அதைப் பார்த்து வருபவர்களின் கணக்கும் ஆடும்.
தவறவிட்ட பயணிக்காக வண்டி பின்னால் போவதில்லை.
எனக்குப் பின்னால் இரண்டு இருபது வருகிறது,
அதில் ஏறிக்கொள்வாள்
என்று சொல்லிக்கொண்டேன்.
ரயிலில் இதை நினைக்க
இவ்வளவு நேரம் ஆனதில்லை.

சரிவில் கடன் அடைகிறது, சில்லறை சில்லறையாக.
முழங்கால் வட்டி கேட்கிறது.
பதினாறாவது பலகை தாண்டி
ஒரு கல்சுவரில் உட்கார்ந்திருக்கிறான் எனேக்கோ,
தொடையைப் பிசைந்துகொண்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும்.
கொஞ்ச தூரம் கழித்து
அந்தக் கடிகாரம் எனக்குப் பின்னால் கீச்சிட்டது.

பத்தொன்பதில் ஒன்பது பேர்.
இனி நான் வேண்டாம், போங்கள், என்றேன்.
தயங்கினார்கள்,
பள்ளிக்கூடம் விட்டதை நம்பாத பிள்ளைகள்போல.
பிறகு ஒவ்வொருவராக,
கடைசியில் எனேக்கோ நொண்டிக்கொண்டு,
போய்விட்டார்கள்.

ஊருக்குள் தனியாக நுழைகிறேன்.
இரு பக்கமும் கைதட்டுகிறார்கள்,
கண்கள் மட்டும் என்னைத் தாண்டி
யாரைக் கூட்டி வருகிறேன் என்று தேடுகின்றன.
பெலோட்டா ஆடும் பெரிய சுவரடியில் முடிவுக்கோடு.
இரண்டு மணி, ஒன்பது நிமிடம், நாற்பத்தொன்பது நொடி.
சரியான நேரம்,
காலி வண்டி.

விரல் விறைத்து முடிச்சு அவிழவில்லை.
பின்னாலிருந்து யாரோ அவிழ்க்கிறார்கள்;
கீச்சொலியில் ஆளைத் தெரிந்துகொண்டேன்.
"பதினோரு நொடி மிச்சம் வைத்திருக்கிறாய்" என்கிறான்,
திட்டுகிறானா என்று தெரியவில்லை.

நாங்கள் போகவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.
மழைக்குள் ஒரு நீலக் கொடி அசைந்தது.
அதன் அடியில் இன்னும் முகங்கள் இல்லை,
காலடிகள் மட்டும்.
அவற்றுக்கு நடுவே எங்கோ,
இரண்டு உள்ளே,
ஒன்று