அரை மூச்சு பிந்தி

என் வாடகை நோட்டில் அவளுக்குப் பெயர் இல்லை.
'சூரமங்கலம் ரயில்வே பொண்ணு.
மைக் ஒன்று, பெட்டி ரெண்டு, ஸ்டாண்டு கோணல்.'
எழுபத்தெட்டில் ஆள் தெரிந்தால் போதும்.

அப்பன் எஞ்சின் டிரைவர்.
கோயில் பாடற்குழுவிலிருந்து
பதினாறு வயதில் நிறுத்திவிட்டார்களாம்.
எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும்
இவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ஏற்காட்டில், ஏரிக்கு மேலே ஒரு ஓட்டல்.
டிசம்பர் முப்பத்தொன்று.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
காப்பி எஸ்டேட்காரர்கள், வெள்ளி வியாபாரிகள்,
வெள்ளைக்கல் சுரங்கத்து மேனேஜர், அவர் சம்சாரம்.
பாடியதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை.
புரிந்தது ஒன்றுதான்: பிந்துகிறாள்.
டிரம் விழுந்து அரை மூச்சு கழித்துக்
குரல் வந்து சேர்கிறது,
கடைசி பஸ் கிளம்பிய பிறகும்
ஓடாமல் நடக்கிற ஆள் மாதிரி.
டிரம்ஸ் அமலநாதன் காதில் சொன்னேன்,
'தாளம் தப்புதுப்பா.'
குச்சியை நிறுத்தாமலே சொன்னான்,
'தப்பலைண்ணே. காக்க வைக்குது.'

பத்தரைக்குக் கரண்ட் போனது.
மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் பாடினாள்,
மெழுகுவத்தி வரும்வரை,
வந்த பிறகும், பன்னிரண்டரை வரைக்கும்.
வருஷம் மாறியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஓட்டல்காரன் பாதிப் பணம்தான் கொடுத்தான்.
எனக்கு எட்டு மணி நேரத்துக்கு அறுபத்து நாலு ரூபாய்.
'கரண்ட் இல்லாத ரெண்டு மணிக்கும் வாடகையா?' என்றாள்.
'பெட்டி மலை ஏறினது இருக்குல்ல?' என்றேன்.
சிரித்தாள். கொடுக்கவில்லை.

அந்தப் பாக்கியோடு மெட்ராஸ் போனாள்.
சினிமாவில் குரலுக்கும் சாதி உண்டு.
கதாநாயகிக்கு ஒன்று.
இடைவேளைக்குள் சுடப்பட்டுச் சாகிற
கிளப் ஆட்டக்காரிக்கு ஒன்று.
பள்ளப்பட்டிக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டேன்.
ஆடுகிறவள் உதடு முன்னால் போய்விட,
இவள் நிதானமாகப் பின்னால் வந்தாள்.
தரை டிக்கெட்டில் ஒருத்தன் கத்தினான்,
'டேய் ஆபரேட்டர்!'
இசைத்தட்டு வாங்கிப் பார்த்தேன்:
'மற்றும் குழுவினர்.'

அப்புறம் பெங்களூரில் ஒரு பார்.
அப்புறம் பஹ்ரைன், ஓட்டல் லாபியில், ஒன்பது வருஷம்.
எல்லாம் கேள்விப்பட்டதுதான்,
கடிதம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.
அமலநாதன் மஞ்சள் காமாலையில் போனான்.
என் கடை செவ்வாய்பேட்டையிலிருந்து
அம்மாபேட்டைக்கு மாறியது.
கோணல் ஸ்டாண்டைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்,
உருக்காலைக் குடியிருப்பு, சமுதாயக் கூடம்.
பேனரில் 'ரிதம் அண்ட் புளுஸ் மாலை'.
நாற்பது நாற்காலி, அதில் பதினொன்று காலி.
டவுன் பஸ்ஸில் வந்தாள். லேட்.
முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள்.
என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்,
பெட்டியைத்தான் அடையாளம் தெரிந்தது.

தாளத்துக்கு ஒரு பையன் லேப்டாப் வைத்திருந்தான்.
அதற்குக் காத்திருக்கத் தெரியவில்லை.
இவள் பிந்த, அது போக,
மூன்றாவது வரியில் கை காட்டினாள்:
நிறுத்து அதை.
தலைக்கு மேலே மின்விசிறி, பேரிங் போனது,
சுற்றுக்கு ஒரு டொக்.
கண்ணை மூடி நாலு சுற்று கேட்டாள்.
டொக்.
பேரன் வாயில் பிஸ்கட் ஊட்டப் போன ஒரு கை
பாதியில் நின்றது.
பிறகு வந்தாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
பர்ஸைத் திறந்து எண்ணி நீட்டினாள், நாற்பத்தெட்டு.
'கரண்ட் இல்லாத ரெண்டு மணியைக் கழிச்சாச்சு.'
நானும் எண்ணித்தான் வாங்கினேன்.

அன்றிரவு நோட்டில் எழுதினேன்:
ஹேசல் ரொசாரியோ, பாடகி.
வரவு நாற்பத்தெட்டு.
பாக்கி பதினாறு.