பன்னிரண்டுக்கு ஒன்று

நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காத பேரளத்திலிருந்து
மலை ரயிலுக்குக் கல்லுடைக்கப் போன பக்கிரி
ஒற்றைக் கண்ணோடு திரும்பியிருந்தான்.

'எவ்ளோ ஏத்தம்?'
களத்தில் நெல் தூற்றியவர்கள் கேட்டார்கள்.

பன்னிரண்டடி ஏணியைக் கிடத்தி
ஒரு முனைக்கடியில்
பண்ணை மரக்காலைக் கவிழ்த்து வைத்தான்.
'இவ்ளோதான்.'

சிரித்தார்கள். கன்றுக்குட்டி ஏறிவிடும்.

'இஞ்சின் ஏறாது.
நடுவுல பல்லுவச்ச தண்டவாளம் போட்டோம்.
வெடிக்குப் பயந்து ஓடுனவன்
காட்டு ஜொரத்துல செத்தான்.
ஓடாதவனுக்கு இந்தக் கண்ணு.
துரை ரசமட்டம் வச்சுப் பாப்பான்.
பார்வைக்குத் தெரியாத சரிவுதான்
ஆளை முழுங்கும்.'

சொல்லிக்கொண்டே குனிந்தவன்
மரக்காலைப் பார்த்து நின்றுவிட்டான்.

கவிழ்ந்த அடித்தட்டு
இரண்டு விரற்கடை உள்வாங்கியிருந்தது.

காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

காரியஸ்தர் குடையை விரித்தார்,
வெயிலே இல்லை.