சட்டியில் எழுதிய நம்பர்

எட்டாம் மாதம். காய்ச்சல் பெரிதாக இல்லை.
முதுகில் ஒரு உளைவு, அவ்வளவுதான்.
பனடோல் இரண்டு போட்டுப் படுத்தேன்.
விடியமுன் பிள்ளை அசைவை நிறுத்திக்கொண்டு
எதையோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

புலிபாய்ந்தகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர்.
உழவு மெசின் பெட்டியில் என்னை ஏற்றினார்கள்.
ஞானசீலன் குடை பிடித்தான்,
எனக்கல்ல, வயிற்றுக்கு.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள்.
போத்தலில் வைத்து முளைக்கிறதா பார்ப்பார்களாம்,
விதைநெல்லைப் போல.
அன்றிரவே மகள் வந்துவிட்டாள்,
ஒரு கிலோ எண்ணூறு.
அழுகை கேட்டது. ஆளைக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் டொக்டர் சில்மியா
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
"முளைச்சிட்டு" என்றார். லிஸ்டீரியா.
யாரோ பெண்பிள்ளையின் பேர் என்று நினைத்தாள்
பக்கத்துக் கட்டில்காரி.
"சாப்பாட்டால வாறது. தாய்க்குச் சும்மா காய்ச்சல்,
பிள்ளைக்குத்தான் கூட.
போன மாசம் என்னென்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன்: சோறு, கீரிமீன், வெள்ளரிப்பழம்,
வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தந்த பார்சல்,
ஐஸ்கிறீம் ஒருதரம்.
எழுதினார்.
ஒரு வரியை நான் விழுங்கினேன்.

விறகு நனைந்த கிழமை அது.
எருமைப்பால் பொங்கவேயில்லை,
வெதுவெதுப்போடு உறை ஊற்றினோம்.
சட்டிக்குக் கொள்ளாததை நான் குடித்தேன்,
வீணாகக் கூடாதென்று.
சட்டியின் வாய்க்கடதாசியில் எங்கள் நம்பர்.
கிரான் சந்தியில், செங்கலடியில்
எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் அதைப் பிரித்தார்களோ.

ஊசி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எனக்கு.
கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுக்கு வேறு கணக்கு.
ஜெசிந்தா மிஸ்ஸி கோப்பையைக்
கொதிதண்ணியில் போட்டெடுத்துத் தந்தா.
"சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிட்டுப் பீச்சுகா.
உன்ட பால்ல நஞ்சில்ல."
நஞ்சு என்ற சொல்லை அதுவரை யாரும் சொல்லவில்லை.
அப்போதுதான் அழுதேன்.
கோப்பையின் அடியில் ஒரு விரற்கடை மஞ்சள்.

இரவு போன் எடுத்தேன்.
"பொங்கவிட்டுத்தான் உறை ஊத்தணும்.
விறகு ஈரமெண்டா காஸ் வாங்கு.
கடைக்குக் குடுத்த சட்டியெல்லாம் திருப்பி எடு."
"கடன் கிடக்கு" என்றான்.
பிறகு பேச்சில்லை.
அவனுக்குப் பின்னால் எருமை ஒன்று மூச்சு விட்டது.

காலையில் டொக்டர் வந்தபோது
கட்டிலில் எழும்பியிருந்தேன்.
"அந்தத் தாளை எடுங்க டொக்டர்,
ஒரு நம்பர் எழுதணும்."