ஐந்தடி நான்கு

உயரம் மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.
ஐந்தடி நான்கு. பாடத் தெரிய வேண்டியதில்லை.
ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, எண்ணூறு ரூபாய்,
நடுவில் ஒரு தட்டுவடை செட்.

ரெவீனா வரும்வரை
ரெவீனா நிற்குமிடத்தில் யாராவது நிற்க வேண்டும்.
எங்கே விழுவதென்று பழகிக்கொள்ள
வெளிச்சத்துக்கு ஓர் உடம்பு தேவைப்படுகிறது.

கருப்பூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் மைதானம்.
பதினோரு கன்டெய்னர்கள்,
ஒவ்வொன்றிலும் சாய்ந்த எழுத்தில் 'உப்புக்கோடு',
புது ஆல்பத்தின் பெயர்.
டொரொன்டோவில் கிளம்பியது.
முப்பத்தொரு ஊர்; சேலம் பத்தொன்பதாவது.
அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறதாம்.
இருபத்திரண்டு பேருக்கு அறையை
யாரோ அங்கே போட்டுவிட்டார்களாம்.
டிரம்ஸ்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்,
ஐந்து ரோட்டு லாட்ஜின் கொசுக்கடியைச் சொறிந்தபடி.

மேடை நடுவே கறுப்புத் தரையில்
பச்சை டேப்பால் ஒரு பெருக்கல் குறி.
அதன் மேல் நின்றேன்.
லைட்காரர் கவியரசன் ஈப்போக்காரர்.
என் பெயரைக் கேட்கவில்லை.
"ரெவீனா, ரெண்டடி பின்னால.
ரெவீனா, முகத்தத் தூக்கு.
ரெவீனா, கண்ண மூடாத."
யாரையோ கூப்பிடுகிறார் என்றிருந்தது முதலில்.
மூன்றாம் முறை நானே திரும்பினேன்.

நீலம் வந்தது. கைகள் யாருடையவோ போல.
அப்புறம் ஆரஞ்சு.
அப்புறம் வெள்ளை,
வெள்ளைக்கல் சுரங்கத்து மேட்டில்
சித்திரை பன்னிரண்டு மணிக்கு அடிக்கும் வெள்ளை.
அதற்கு அந்தப் பக்கம் உலகம் இல்லை.

"மைக்கில ஏதாச்சும் பேசு."

பகலில் நான் நாலு ரோட்டு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
டோக்கன் கூப்பிடுகிறவள்.
எனக்கென்று இருந்தது ஒரே வரிதான்.

"டோக்கன் நாப்பத்தொண்ணு.
வெறும் வயித்துலதான் வந்திருக்கீங்களா?"

நாற்பது பெட்டிகளிலிருந்தும் புறப்பட்டுப் போயிற்று.
லாரிகளைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி
சேர்வராயன் மலையில் முட்டி
கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது:
தீங்களா... ங்களா...
ஏற்காட்டு வளைவில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு விளக்கு
அப்படியே நின்றாற்போல் இருந்தது.
நின்றிருக்காது.
கவியரசன் மட்டும் கட்டை விரலைத் தூக்கினார்.

மறுநாள் என் கையில் பாஸ் இல்லை.
அது ஒரு ராத்திரிக்கு மட்டும் செல்லும் பாஸ்.
சர்வீஸ் ரோட்டில், ஸ்கூட்டிகளின் மேல்
ஏறி நின்றவர்களோடு நானும் நின்றேன்.
தீக்குச்சி அளவில் ரெவீனா.
"சேலம், சத்தம் கேக்கல!" என்றாள்.
கோலாலம்பூரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.
ஆனாலும் கத்தினேன்.

மூன்றாவது பாட்டில் தாளம் நின்று
எல்லா விளக்கும் அணைந்து
ஒரே ஒரு வெள்ளை மட்டும் இறங்கியது.
அவள் அங்கே இல்லை.
குதித்ததில் ரெண்டடி தள்ளி விழுந்திருந்தாள்.
வெற்றுத் தரையின் மேல்
என் உயரத்துக்கு வெட்டிய வெளிச்சம்
ஒரு மூச்சு நேரம் நின்றது.
பக்கத்தில் நின்ற பையன்
"செம என்ட்ரிடா" என்றான்.
பிறகு அவள் அதற்குள் நகர்ந்து வந்தாள்.
கூட்டம் அலறியது.
நான் அலற மறந்திருந்தேன்.

காலை ஏழு மணி.
கன்டெய்னர்கள் கொச்சிக்குப் போய்விட்டிருக்கும்.
டோக்கன் பதினேழு, காய்ச்சல், மூன்று நாளாய்.
கல்லூரிப் பெண். கறுப்பு டி-ஷர்ட்.
நாற்காலியில் உட்காரத் திரும்பியபோது
முதுகில் முப்பத்தொரு ஊர்களும் வரிசையாய்.
விரல் வைக்காமல் தேடினேன்.
கோலாலம்பூருக்குக் கீழே, கொச்சிக்கு மேலே,
மடிப்பில் பாதி மறைந்து.

"காய்ச்சலோடவா போனே?"
பதில் சொல்லப் பார்த்தாள், குரலே இல்லை,
சிரித்தாள்.
வெறும் வயிறா என்றேன்.
தலையாட்டிவிட்டு
கையை நீட்டினாள்.