கத்திரி வெயிலில் ஒரு மணிக்கட்டு

மெடிக்கல் கடைக்காரர் கேட்டார்: எங்கே அடி?
அடியெல்லாம் இல்லை அண்ணா,
மஞ்சள் கரைக்க, என்றேன்.
சர்ஜிகல் ஸ்பிரிட் பாட்டிலை
ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.
வேலூரில் எல்லாருக்கும் எங்கேயாவது அடி இருந்தாக வேண்டும்.

காகிதப்பட்டறையில் குடியிருக்கிறேன்.
பெயரில் இருக்கும் காகிதம் தெருவில் இல்லை.
ஆற்காடு ரோட்டில் வாங்கிய தடித்த வரைதாள், பத்து ஷீட்.
ஸ்பிரிட்டில் ஊறிய மஞ்சளைப் பழைய வேட்டியில் வடித்து
பெயிண்ட் பிரஷ்ஷால் பூசி
கட்டிலுக்கடியில், இருட்டில், காயவைத்தேன்.
இரண்டு நாள்
மஞ்சள் குதிகாலோடு ஆபீஸ் போனார் என் கணவர்.

பதினொன்றரைக்கு
ஊரே ஜன்னலைச் சாத்தும்போது
நாங்கள் மொட்டைமாடிக்கு ஏறினோம்.
ஆம்பூரில் தம்பியின் ஷூ யூனிட்டில் கழித்த தோலில்
நோட்டுப் புத்தகம் தைக்கும் தஸ்லீமா,
எக்ஸ்ரே டெக்னீஷியன் எபிநேசர்,
நான்.
கத்திரி வெயில், கத்திரி இலை, கத்தரிக்கோல்.

முள்ளுக்கத்திரி இலை
தாளோடு படியமாட்டேன் என்றது.
மேலே ஒரு ஜன்னல் கண்ணாடி, அதன்மேல் அரைச் செங்கல்.
படத்தில் செங்கலும் விழுந்தது.

மஞ்சள் வெளுத்து, இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளாய் நிற்க,
ஆப்ப சோடா தெளித்தோம்: சேறு.
சலவை சோடா: ஆறிப்போன கஷாயம்.
தஸ்லீமாதான் கேட்டாள்,
"உங்க கல்யாணத்துல ஆலம் சுத்துவீங்களே,
அந்தச் சிவப்பு எதுல வருது?"

முப்பத்தெட்டு வயது எனக்கு.
எத்தனை தட்டு கரைத்திருப்பேன், எத்தனை மாப்பிள்ளைக்கு.

கீழ்வீட்டு வெற்றிலைப் பெட்டியிலிருந்து
சுண்டுவிரல் நுனியளவு சுண்ணாம்பு.
தெளிந்த நீரைத் தெளித்ததும்
இலை சிவந்தது
முள்ளுக்கு முள்.

அப்போதுதான் எபி பையிலிருந்து உருவினான்
ஒரு பிலிமை.
"பேஷன்ட்டோடது இல்லைக்கா, என் மணிக்கட்டுதான்.
காட்பாடி பாலத்துல பைக் சறுக்குச்சே."
கறுப்பு வெயிலைத் தடுத்தது, எலும்பு வழிவிட்டது.
மூன்று மணி நேரம். நடுவில் தயிர்சாதம், மாவடு.
சுண்ணாம்பு நீர் பட்டதும்
சிவப்புக்குள் எட்டுக் கூழாங்கற்கள் வெளுப்பாய்.
ஒன்றில் மட்டும்
மயிரிழை போலச் சிவந்த விரிசல்.
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
எபி தன் கையை அதன்மேல் வைத்து
அளவு பார்த்தான்.

கேட்டவர்களுக்கெல்லாம் முறை எழுதி அனுப்பினேன்.
குன்னூரிலிருந்து நாத்தனார் சுலோசனா:
"நாலு நாளாச்சு, இன்னும் மஞ்சளாவே இருக்கு,
அளவு சரியாத்தான் சொன்னியா?"
மஞ்சள் இரண்டு ஸ்பூன், ஸ்பிரிட் அரை டம்ளர்.
வேலூர் எவ்வளவு என்று
எழுத மறந்திருக்கிறேன்.

நிறம் நிற்கவும் வழி தேடினோம்.
படிகாரம் போட்டுப் பார்த்தோம். கல்லுப்பு போட்டோம்.
எலுமிச்சை பட்டதும் சிவப்பு
மறுபடி மஞ்சளுக்கே ஓடிப்போனது.
தோல் அட்டைக்குள் மூடிவைத்தால் கொஞ்ச நாள் தாங்கும்
என்று தைத்துக் கொடுத்த தஸ்லீமாவே
தினமும் திறந்து பார்க்கிறாள்.

எபி ஹாலில் மாட்டினான், ஜன்னலுக்கு எதிரே.
வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.
ஆடி பிறந்து போய்ப் பார்த்தால்
முதலில் போயிருந்தது அந்த விரிசல்தான்.
மணிக்கட்டை மடக்கி நீட்டி,
"கூடிடுச்சுக்கா" என்றான்.

வரும் ஞாயிறு அவன் மாமியாரின் முழங்கால்.
சம்மதித்துவிட்டாராம்,
ஃப்ரேம் போட்டுத் தரவேண்டுமாம்.
இந்த மாத வெயில் கொஞ்சம் தண்ணீர் கலந்தது.
ஐந்து மணி நேரமாவது வைக்க வேண்டும்.