நாலு கட்டை

ஒட்டுசுட்டானுக்கு நாலு கட்டை இருக்க
மொரிஸ் மைனர் மறுபடி ஆவி விட்டது.
'ஆறட்டும்' என்றான் நகுலேஸ்,
பொனற்றைத் திறந்துவிட்டு
கடன் கேட்க வந்தவன்போல் தள்ளி நின்றபடி.

நான் வெறும் போத்தலோடு குளக்கட்டில் ஏறினேன்.
மாடு போன தடத்திலேயே கால் வைத்தேன்.
பழக்கம் விடவில்லை.

துருசடியில் ஒரு கல்,
எழுத்து வெட்டின கல், பாதி மண்ணுக்குள்.
யாரோ அதில் கத்தி தீட்டியிருக்கிறார்கள்,
யாரோ சவர்க்காரம் வைத்துக் குளித்திருக்கிறார்கள்.
ஒரு எழுத்து மட்டும் 'ம' மாதிரி.
மழையா, மன்னனா,
மாடா?
விரல் விட்டுத் தடவினேன். பாசி.

தண்ணி ஊற்ற, ரேடியேட்டர் விக்கியது.
'என்ன இவ்வளவு நேரம்?'
'வாசிச்சுக்கொண்டு நிண்டனான்.'
'என்ன எழுதியிருக்கு?'
'ம' என்றேன்.
'ம்' என்று
பொனற்றை அடித்துச் சாத்தினான்.